முற்றத்தில் மாடு இல்லை

தலைநகரிலிருந்து வந்த உத்தரவில் குழப்பமே இல்லை. பார்லி அறுவடைக்குள் அதிகாரிகள் அனைவரும் அஞ்சன சித்தி அடைந்தாக வேண்டும். மந்திரம் ஜபித்த மையைக் கண்ணில் இட்டால் மலைக்கு அப்பால் நடப்பதெல்லாம் தெரியும். குகையில் பன்னிரண்டு ஆண்டு தவமிருந்த லாமாக்களுக்குக் கைகூடிய சித்தி அது. எங்கள் ஷிங்ரி கோட்டை அலுவலகத்துக்குப் பன்னிரண்டே நாளில் கைகூடியது.

மை குழைக்கத் தினமும் புது வெண்ணெய் தேவைப்பட்டது. மேய்ந்துகொண்டிருந்த ஒரு கவரிமாட்டை ஓட்டிவந்து முற்றத்தில் கட்டினோம். மிஞ்சிய வெண்ணெய் எங்கள் உப்புத் தேநீரில் மிதந்தது. யாருடைய மாடு என்று யாரும் கேட்கவில்லை.

ஆசனத்தின் உயரம் எவ்வளவோ, பார்வையின் தூரமும் அவ்வளவு. எட்டு மெத்தைமேல் அமர்ந்த தலைவர் லுந்துப்புக்கு எட்டுக் கணவாய்வரை தெரியும். எழுத்தரான எனக்கு ஒரே மெத்தை, ஆகவே கோட்டைச் சுவர்வரைதான். அதிகாரிகளின் மனைவிமாரும் கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு திரிந்தார்கள். பார்க்கப் பயமாக இருந்தது.

ஒருநாள் யாங்கி என்ற மேய்ச்சல்காரி வந்தாள். எங்கள் மலை வழக்கப்படி நாக்கை நீட்டி வணங்கி, தலைவர் முன் மரியாதைக்கு ஒரு வெள்ளைத் துண்டை வைத்தாள்.

"என் மாட்டக் காணோம் ஐயா. காதுல செவப்பு நூல் கட்டியிருக்கும். இருக்கிறது அது ஒண்ணுதான். அது இல்லேன்னா பனிக்காலத்துல என் மூணு புள்ளைங்களும் பட்டினிதான்."

தலைவர் மை போட்டுப் பார்த்தார். "வடக்க, ஆறாவது கணவாய்ல நிக்குது."

"ஐயோ, இந்தா உங்க முற்றத்துலயே நிக்குதே!"

"முற்றத்துல மாடே இல்ல. நீ எதால பாத்த?"

"வெறுங்கண்ணாலதான்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்தரே, உமக்கு ஏதாவது தெரியுதா?"

சிவப்பு நூல்கூடத் தெரிந்தது. ஆனால் தலைவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தால் இருக்கிற ஒரு மெத்தையும் போய்விடும். "தெரியலைங்க" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. 'முற்றத்தில் மாடு இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். தலைவர் முத்திரை குத்தினார்.

யாங்கி அந்தத் தாளையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மைக்கிண்ணத்தில் விரலை விட்டுக் கண்ணில் தடவிக்கொண்டாள்.

"அட, ஆமா! முற்றம் காலியாத்தான் கெடக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

நேராகப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். வாசலைத் தாண்டும்போது மாடு குரல் கொடுத்தது. காவலாளி தலைவரைப் பார்த்தான். தலைவர் முத்திரையைப் பார்த்தார்.

"காத்து பலமா அடிக்குது" என்றார்.

மறுநாள் காலை தேநீரில் வெண்ணெய் இல்லை. வெறும் உப்புத் தண்ணீர். தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "வெண்ணெய் எப்பிடி மிதக்குது பாத்தீரா?" என்று கேட்டார்.

நான் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே இருக்குங்க."