சீதனப் பலகையைத் திருப்பி அனுப்புவது குறித்து

குதாய்சி,
ஞாயிறு பிற்பகல்

மதிப்பிற்குரிய லமாரா அக்காவுக்குத் தம்பி ஒதார் எழுதிக்கொண்டது. நீயும் அத்தானும் திராட்சைத் தோட்டமும் நலந்தானே? "வெற்றி உண்டாகட்டும்" என்று நம் வழக்கப்படி தொடங்கத்தான் கை வருகிறது. அந்தச் சரக்கு இப்போது இந்த வீட்டில் இல்லை.

உன் கல்யாணச் சீதனத்தில் வந்து, பிறகு நீ என் மகளுக்குக் கொடுத்த சதுரங்கப் பலகையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி இங்கே யாரும் ஆடப்போவதில்லை. காரணம் நீதான். கடற்கரை ஊர் பத்தூமியில் தேசிய இளையோர் பெண்கள் போட்டி, கடைசிச் சுற்று, ஜெயித்தால் என் மகள் தெக்லாவுக்குக் கோப்பை, எதிரில் நம் ஊர்ப் பெண் கெசாரியா. அந்தப் பெண் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டாள். அவளுக்கு மிச்சமிருந்த நான்கு நிமிடமும் அது பாட்டுக்கு ஓடுகிறது; தீர்ந்தால் அவள் தோற்றாள். தெக்லா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விதியில் தப்பே இல்லை. இவளோ நெளிகிறாள். நான் பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நடுவர் அம்மாள் பார்த்துவிட்டார்.

"சைகை காட்டணும்னா வெளிய போய்க் கடலுக்குக் காட்டுங்க சார்!"

போனேன். ஒரு மணி நேரம் கழித்து தெக்லா வந்தாள்.

"தோத்துட்டேன்பா. கடிகாரத்த அமுக்குன்னு நான்தான் சொன்னேன்."

"அடிப்பாவி! பேசாம இருந்திருந்தா கோப்பை நம்ம அலமாரியில இருக்குமே!"

"அப்ப ஜெயிச்சது கடிகாரம்தானே, நானா? பலகைக்கு எதிர்ல உட்கார்றவங்க நம்ம வீட்டு விருந்தாளின்னு அத்தை சொல்லுவாங்கல்ல?"

சொன்னாயா அக்கா? ஊர் விருந்துகளில் மதுக் கிண்ணத்தை உயர்த்தி விருந்தாளியின் பெருமையை அரை மணி நேரம் பேசுகிறவன் நான். என்னிடமே அதைச் சொல்கிறாள். ரயிலில் வீடு வரும்வரை அவளோடு நான் பேசவில்லை. அவள் ஜன்னலோரம் திரும்பி அழுததும் தெரியும். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் தோட்டம் காய்த்துக் குலுங்கட்டும், அத்தானின் முழங்கால் வலி தீரட்டும்.

உன் தம்பி,
ஒதார்

பின்குறிப்பு: பலகை வராது. கட்டி அனுப்பத் தேடினால் சமையலறை மேசையில் இருக்கிறது. கெசாரியா பாலாடைக்கட்டி ரொட்டியும் கடிகாரமுமாக வந்திருக்கிறாள். அன்று கடிகாரத்தை மறந்த இடத்திலிருந்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடுகிறார்கள். தெக்லாவின் கை ஓங்கியிருக்கிறது அக்கா! சற்றுமுன் கெசாரியா மறுபடியும் அமுக்க மறந்தாள். தெக்லா ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.

"கடிகாரத்த அமுக்கும்மா" என்று சொன்னது நான்தான்.