முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சு

அன்றைக்கு வலங்கைமான் பக்கத்துப் பெருவெளிக்குடிக் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு. மேடையில் தலைமை அதிகாரி வைத்தியலிங்கம், சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனத்தின் ஷோபனா மேடம், அவருடைய லேப்டாப்பைத் தூக்கி வந்தவர், லேப்டாப்பின் சார்ஜரைத் தூக்கி வந்தவர், ஆக நான்கு பேர். வாசலில் போலீஸ் ஐந்து பேர். போட்டோ எடுப்பவர் ஒருவர். சாப்பாடு கொண்டுவந்த காதர் மைதீன் பாய், பரிமாற இரண்டு பேர், ஆக மூன்று. ஊரார், என்னையும் சேர்த்து, ஆண்கள் இருபத்தேழு, பெண்கள் பதினேழு. மொத்தம் ஐம்பத்தேழு. நாய் ஒன்று. அதையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டு.

நாய்க்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை. ஊராருக்கு அனுப்பியிருந்தார்கள். அது டெல்லியில் அச்சாகும் ஓர் இங்கிலீஷ் பேப்பரில் முறைப்படி வெளிவந்திருந்தது. வலங்கைமானில் பாய் கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் துரைராசு அதைப் படித்தான். பி.ஏ. முடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் வடை சாப்பிட்டிருக்காவிட்டால் ஊராருடைய கருத்து கேட்கப்படாமலே போயிருக்கும்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் வழியாக நாலுவழிச் சாலை வருகிறது. பசுமைச் சாலை என்று பெயர். மேடையில் இருந்த நால்வருக்கும் ஆளுக்கொரு மரக்கன்றை பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கொடுத்ததில் அது உறுதியாயிற்று.

சாலையை ஆள் உயரத்துக்கு மண் அடித்து மேலே போடுவார்கள். ஊர்த் தண்ணீரெல்லாம் வடிகிற வாய்க்கால் எங்கள் ஊர் அம்சம் அக்காவின் வயலை ஒட்டிப் போகிறது. அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயல் அது. அதில் மூன்று மாவை, ஏறக்குறைய ஓர் ஏக்கரை, அம்சமும் புருஷனும் இருபது வருஷம் பாடுபட்டு வாங்கினார்கள். வாய்க்கால் சாலையைக் கடக்கிற இடத்தில் அடியில் ஒரு பாலம் விட்டால் ஐப்பசி மழை அந்தப் பக்கம் வடிந்துவிடும். விடாவிட்டால் ஊர்ப் பயிரெல்லாம் முழுகும். முதலில் முழுகுவது அம்சத்தின் பயிர். முதல் வரைபடத்தில் பாலம் இருந்தது. இரண்டாவதில் காணோம். அதைக் கேட்கத்தான் அம்சம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் பதினொரு மணிக்கு. அதிகாரிகள் ஒரு மணிக்கு வந்ததால் முதலில் சாப்பாடு. வைத்தியலிங்கம் சாம்பார் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிறகு ஷோபனா மேடம் அறிக்கையை வாசித்தார்.

"இக்கிராமத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் நச்சு நிலம் கண்டறியப்பட்டுள்ளது. இந்நிலத்தில் மக்கள் ஆண்டுக்கு மூன்று இன்பங்களை அனுபவித்து வந்துள்ளனர்."



"எங்க நெலத்துல யாருங்க விஷம் வச்சது?" என்றார் அம்சம்.

"உங்க ஊர் ரெக்கார்டுலயே இருக்கும்மா. நஞ்சைன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல கொடுத்து இங்கிலீஷாக்கி, திரும்பத் தமிழாக்கி, ரெண்டு தடவை சரிபார்த்திருக்கோம்" என்றார் ஷோபனா மேடம்.

"நஞ்சைன்னா நெல்லு வெளையுற நெலங்க. தண்ணி பாயுற நெலம்."

"அதுதாம்மா எங்க கவலையே! விஷ நிலத்துல தண்ணி வேற பாயுது. அது அடுத்த ஊருக்குப் போயிடக் கூடாதுன்னுதான் பாலத்தை எடுத்துட்டோம். இனிமே ரோடே குறுக்க நின்னு அவங்களைக் காப்பாத்தும்."

துரைராசு எழுந்தான். "மேடம், அந்த மூணு இன்பம். ரெக்கார்டுல முப்போகம்னு இருந்துச்சா?"

"ஆமா."

"அதுல ரெண்டு இன்பம் தண்ணி வராம முன்னாடியே நின்னுபோச்சு. அதுக்கு நிவாரணம் ஏதும் உண்டுங்களா?"

"பரிசீலிக்கப்படும்" என்று வைத்தியலிங்கம் குறித்துக்கொண்டார்.

காதர் மைதீன் பாய் நல்ல மனிதர். சண்டை வந்துவிடக் கூடாது என்று குறுக்கே வந்தார். "சார், இது தங்கமான நெலம். இப்ப நீங்க சாப்பிட்டீங்களே, அதுவே அம்சக்கா வயல் நெல்லுதான். ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனீங்களே, அதுவும்."

சார்ஜரைத் தூக்கி வந்தவர் கையிலிருந்த சார்ஜரைக் கீழே போட்டார். லேப்டாப்பைத் தூக்கி வந்தவர் செல்போனில் தன் நாக்கைப் பார்த்தார். வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர், வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தார்.

"பாய், வேற யார் சாப்பிட்டது?" என்றார் வைத்தியலிங்கம்.

"எல்லாரும்தாங்க. நாய் எல்லாருக்கும் முன்னாடியே சாப்பிட்டுருச்சு."

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். அது எச்சில் இலைகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. உடனே அரை மணி நேர உயிரியல் ஆய்வுக்கு ஆணை பிறந்தது.

"மூச்சு விடுதா?"

"விடுது சார்."

"தூங்குற மூச்சா, போற மூச்சா?"

"குறட்டை விடுது சார்."

அரை மணி முடிவில் நாய் எழுந்து, சோம்பல் முறித்து, சாம்பார் வாளியை நோக்கி நடந்தது. "உள்ளூர் விலங்கினத்துக்குப் பாதிப்பு ஏதுமில்லை" என்று பதிவாயிற்று. போலீஸ்காரர் விழுங்கினார்.

"அப்ப நஞ்சு இல்லைன்னு ஆயிடுச்சு. பாலத்தைப் போடுங்க" என்றார் அம்சம்.

"இல்லைன்னு நாய் சொல்லுது. இருக்குன்னு அறிக்கை சொல்லுது. நான் எதை மேல அனுப்புறது?"

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"திருப்பனந்தாள் பக்கம்."

"நெலம் உண்டுங்களா?"

"ரெண்டு வேலி, பதிமூணு ஏக்கர். எல்லாம் நல்ல நஞ்சை" என்று சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் தண்ணீர் குடித்தார்.

"பெறகு உங்களுக்கு அர்த்தம் தெரியாதா?"

"வீட்டுல தெரியும்மா. ஆபீஸ்ல தெரியாது."

 அம்சம் மடியில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தார். வைத்தியலிங்கத்துக்கு அது என்னவோ செய்திருக்க வேண்டும். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"இங்க பாரும்மா. அறிக்கையைத் திருத்தணும்னா நிபுணர் குழு ஏழு பேர் கூடணும். அதுல ரெண்டு பேர் இப்ப இல்லை, ஒருத்தர் இருக்காரான்னே தெரியலை. ஆனா நிலத்தைத் திருத்துறது சுலபம். ஒரு மனு போதும். நஞ்சைங்கிற வார்த்தைதானே இடைஞ்சல்? அதை எடுத்துட்டுப் புஞ்சைன்னு போட்டுட்டா, விஷமும் இல்லை, வம்பும் இல்லை."

"பாலத்தை எடுத்ததுக்குக் காரணமே விஷந்தானேங்க?"

"அதேதான். விஷம் போச்சுன்னா அந்தக் காரணமும் போச்சு."

ஊராருக்கு இது நியாயமாகப் பட்டது. துரைராசு அங்கேயே மனு எழுதினான். "எங்கள் நிலத்திலுள்ள நஞ்சை நீக்கிப் புஞ்சையாக்கித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்." கூட்டத்தில் இருக்கும் அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஊரார் போட்டோம். அம்சம் முதலில் போட்டார், என்னுடையது முப்பத்தொன்றாவது. போலீஸ் போட்டது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார், பரிமாறியவர்களும் போட்டார்கள். போட்டோ எடுப்பவர் தான் போடுவதைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டார். மேடையில் நால்வரும் போட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் விஷம் கால் மணி நேரத்தில் இறங்கியது. பலத்த கைதட்டல். அம்சத்துக்கு ஒரு மரக்கன்று கொடுத்தார்கள்.

ஷோபனா மேடம் புதிய விவரத்தை லேப்டாப்பில் ஏற்றினார். கம்ப்யூட்டர் ஏதும் சொல்வதற்கு முன்பே அவர் முகம் மலர்ந்தது.

"புஞ்சை எனக்கே தெரியும் சார். வாய்க்கால் பாசனம் இல்லாத மேட்டு நிலம்." இந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார் அம்சம். "பாலம்?"

"எதுக்கும்மா? வாய்க்காலே இல்லாத ஊர்ல பாலம் கட்டுனா ஆடிட்ல கேப்பாங்க."

அம்சம் மரக்கன்றை நாற்காலியில் வைத்தார். வைத்தியலிங்கம் மனுவை எடுத்து முதல் கையெழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்துவரை பார்த்தார். ஐம்பத்தேழும் சரியாக இருந்தன, அவருடையதும் சேர்த்து. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாங்களும் ஆட்சேபிக்கவில்லை. ஒருமனதாகக் கேட்டு வாங்கியதை எப்படி ஆட்சேபிப்பது?

ஆக, மண்டபத்தில் இருந்த ஐம்பத்தெட்டில் கையெழுத்துப் போட்டவை ஐம்பத்தேழு. போடாமல் சாம்பார் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது நாய். ஐப்பசியில் வரப்போகிற தண்ணீரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அது அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, அதனால் கணக்கில் சேராது.

மீதி ஒன்று.