மாப்பிள்ளை காருக்குக் கேஸ் வைத்த விவரம்

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

ஜெர்மனியில் இருக்கும் மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு மாமனார் கைலாசம் எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம். தாங்களும் மகள் சங்கரியும் சுகமென்று நம்பி, என் பொறுப்பில் விட்டுச் சென்ற டர்போ டீசல் காரைப் பற்றி எழுதுகிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறியாம். அந்தக் காற்றோடு கொஞ்சம் சி.என்.ஜி. கேஸையும் கலந்துவிட்டால் வண்டி பாதி டீசலில் பறக்கும் என்று மெக்கானிக் துரைக்கண்ணு சொல்லச் சொல்ல, தங்களுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கலாமே என்று சிலிண்டர் வைக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை என் மைத்துனர் மகள் ரேவதிக்குத் திருமுக்கூடலில் கல்யாணம். முகூர்த்தப் புடவை நம் தறியிலிருந்து அன்று காலையில்தான் இறங்கியது. அதை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் மாமியார் வடிவாம்பாள் முன்னால் உட்கார, டிக்கியில் சிலிண்டர் போக மிஞ்சிய இடத்தில் கோயில் இட்லி அவித்த மூங்கில் குடலைகளைத் திணித்துக்கொண்டு கிளம்பினோம். வண்டியா அது! நான் பஸ்களை முந்திக்கொண்டே கேஸின் மகிமையை விளக்க, அவள் டேஷ்போர்டு முழுக்க விபூதி பூசிக்கொண்டே வந்தாள். வாலாஜாபாத் நெரிசலில் வண்டியை நிறுத்தியதும், "என்னாங்க, கேஸ் வாசனை அடிக்குது" என்றாள். எனக்கும் அடித்தது. எல்லாரும் ஓடுங்கள் என்று நான் ஊருக்கே சொன்னது தப்புதான். டீக்கடையில் அடுப்பை அணைத்தார்கள், பஸ்ஸிலிருந்தவர்கள் வயலில் இறங்கிவிட்டார்கள், எதிரே வந்த சாமி ஊர்வலத்தில் கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்த குருக்கள் இன்னும் பரிகாரம் தேடுகிறாராம். யாரோ கார் மேல் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. வடிவாம்பாள் புடவையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, என்னைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டாள். கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் துணிந்து டிக்கியைத் திறந்து, குடலையை மோந்து, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார்.

"கேஸு இல்ல பெரியவரே, பெருங்காயம்" என்றார். "எதுக்கும் இன்னொரு வாட்டி செக் பண்ணிடறேன்."

சுற்றி நின்ற நாற்பது பேரும் செக் பண்ணினார்கள். நான் காலிக் குடலைகளோடு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. நல்லவேளை, புடவை நேரத்துக்குப் போயிருந்தது. வடிவாம்பாள் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. இருந்தாலும் கேஸ் கேஸ்தான் மாப்பிள்ளை. அந்த வேகம் வெறும் டீசலுக்கு வரவே வராது.

சங்கரிக்கு என் ஆசிகள். காமாட்சி இருவரையும் குளிரில் காப்பாள்.

இப்படிக்கு,
கைலாசம்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் துரைக்கண்ணு வந்தார். "சிலிண்டர மட்டுந்தான் வச்சேன். கேஸும் ரொப்பல, குழாயும் சேக்கல. அதுக்குள்ள எட்த்துக்கினு பூட்டீங்களே" என்கிறார். ஆகவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும்.