பாட்டிலுக்குள் போன இயற்கை

இனி என் வாய்க்குள் செயற்கையாக எதுவும் நுழையக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். பொய்ப்பல் மட்டும் விதிவிலக்கு.

என் தைராய்டு சுரப்பி ஒரு சோம்பேறி. சுரப்பியின் சொந்தக்காரரும் அப்படித்தான் என்பாள் மனைவி. அதனால் வருடக்கணக்காகத் தினமும் வெறும் வயிற்றில், ஆய்வுக்கூடத்தில் செய்த ஹார்மோன் மாத்திரை ஒன்று. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர், பன்றியின் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்த இயற்கை மாத்திரை இருப்பதாகச் சொன்னார். உடனே ஆர்டர் போட்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அவரே ஒரு செயற்கை ஆளு. சிரிக்கிறதப் பாத்தியா?"

"இது பன்னியோடதுங்க."

"இருக்கட்டுமே. அதுவும் நம்மள மாதிரி ஒரு உயிர்தானே?"

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க. அதுல ரெண்டு ஹார்மோன் இருக்காம். ஒண்ணு சட்டுனு வேலை செய்யுமாம். உங்க நெஞ்சு ஏற்கெனவே தாறுமாறா அடிச்சுக்குது. வேண்டாங்க."

அப்போதுதான் அதைச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"என் உடம்பு. உனக்கென்ன வந்துது?"

அவள் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாட்டில் வந்தது. விழுங்க ஆரம்பித்தேன். என்ன சுறுசுறுப்பு! படியேறும்போதே பாட்டு வந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியோடு இயற்கையையும் மாட்டிவிட்டேன். வீட்டில் அவள் அளந்துதான் பேசினாள். தோற்றுப்போன வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் கச்சிதம். அவளையும் இழுத்துக்கொண்டு டாக்டருக்குப் பாடம் நடத்தப் போனேன்.

"பாத்தீங்களா டாக்டர்? பன்னி ஜெயிச்சிடுச்சு!"

டாக்டர் அவளைப் பார்த்தார். "இன்னும் சொல்லலையாம்மா?"

பாட்டில் வந்த அன்றே அவள் அவரிடம் ஓடியிருக்கிறாள். அவர் என் பழைய மருந்தையே, அதே அளவில், எனக்கு அடையாளம் தெரியாதபடி வேறு கம்பெனி மாத்திரையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பன்றி குப்பைக்குப் போனது. பாட்டிலுக்குள் செயற்கை போனது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் மறைச்சே?"

"சொன்னா எதையுமே போடமாட்டீங்க. இருந்தாலும் புது கம்பெனி மாத்திரையாச்சேன்னு பயம். நீங்க தூங்கும்போதெல்லாம் நெஞ்சுல கை வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கு மாத்திரை கிடையாது. வழியெல்லாம் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்தேன். மறுநாள் காலை அவள் எதிரே போய் நின்றேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. இப்ப வாயத் திறங்க" என்று மாத்திரையை நீட்டினாள்.

திறந்தேன். அன்று முழுக்க நான் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.