முழங்கை மிஸியின்ரை கொப்பி

வவுனியாவிலை முழங்கையோடை திரிஞ்ச ஒருத்தரும் முழங்கை மிஸியிட்டை இருந்து தப்பினதில்லை. கோயில் ஐயர், தபால்காரர், பஸ் கொண்டக்டர், நான், எல்லாரும் ஒருக்கால் "ஆ!" எண்டு கத்தினவைதான்.

மிஸி எண்டால் எங்கடை பக்கத்திலை தாதி. அவா ஆஸ்பத்திரியிலை கை ஒப்பரேசன் செய்யிற வாட்டிலை கனகாலம் வேலை செய்து, பென்சன் எடுத்து, தன்ரை வீட்டிலை நாலு பெடியளுக்கு அறையும் சாப்பாடும் குடுத்தவா. நாலிலை ஒருத்தன் நான். பூநகரியாலை வந்து ரவுனிலை போன் திருத்துற கடை போட்டிருந்தனான்.

மிஸியின்ரை பொழுதுபோக்கு இதுதான். அகப்பைக் காம்பாலை உங்கடை முழங்கையின்ரை உள்பக்க எலும்புக்குப் பின்னாலை ஒரு தட்டு. விரலுக்குக் கறண்ட் ஓடும். நீங்கள் துள்ளி முடிக்க முதல் கேள்வி வரும்: "எந்த விரல்? சின்ன விரல் மட்டுமோ, மோதிர விரலிலை பாதியுமோ?" பதிலை உடனை தன்ரை கொப்பியிலை எழுதிவைப்பா. ஐயர் விபூதித் தட்டோடை நிண்ட நேரம் தட்டி, அண்டைக்கு முழுச் சனத்துக்கும் தலையிலை இருந்து கால் வரைக்கும் விபூதி.

"ஏன் மிஸி சனத்தை வதைக்கிறியள்?" எண்டு ஒருநாள் கேட்டன்.

"டேய், புத்தகத்திலை ஒரு கைதான் கீறிக் கிடக்கு. சின்ன விரலுக்கும் மோதிர விரலிலை பாதிக்கும் ஒரு நரம்பு, மிச்சத்துக்கு இன்னொண்டு. எல்லாற்றை கையும் அப்பிடியே இருக்கு? சிலபேருக்கு மோதிர விரல் முழுக்க மற்ற நரம்பிலை. கை வெட்டுப்பட்டு வந்த ஒரு கமக்காரனை, புத்தகத்தை நம்பி, நரம்பைப் பாராமல் தைச்சு வீட்டை விட்டனாங்கள். பேந்து அந்தக் கையாலை அவன் மண்வெட்டி பிடிக்கேல்லை."

சொல்லிக்கொண்டே அகப்பையை எடுத்தா. பிறகு என்ரை முழங்கையிலை ஒரு தட்டு.

எனக்குச் சின்ன விரலிலை மட்டும்தான் ஓடிச்சுது. மிஸிக்குச் சந்தோசம் தாங்கேலாமல் ஏழெட்டுத்தரம் திரும்பத் திரும்பத் தட்டினா. கொப்பியிலை என்ரை பேருக்குக் கீழை சிவப்புக் கோடு.

பக்கத்து வீட்டுக்குச் செட்டிகுளத்திலை இருந்து பொம்பிளை பாக்க வந்த கதையைச் சொல்லாமல் விட ஏலாது. பலகாரம் குடுக்கப் போன மிஸி, மாப்பிள்ளை முழங்கையை மேசையிலை ஊண்டியிருந்ததைக் கண்டிட்டா. டொக்! "ஐயோ அம்மா!" எண்டு மாப்பிள்ளை கதிரையோடை எழும்பினார். பொம்பிளையின்ரை தகப்பனுக்கு வேர்த்து வடிஞ்சுது. மாப்பிள்ளையின்ரை தாய் மட்டும் அசையேல்லை. "இது உங்கடை பக்கத்து வழக்கமாக்கும்" எண்டு, காப்பை மேலை தள்ளி, மரியாதையாத் தன்ரை முழங்கையை நீட்டினா. பிறகென்ன, வந்த பதினொரு பேரும் வரிசையிலை நிண்டு தட்டு வாங்கினவை. கலியாணமும் நல்லபடியா நடந்தது.

இனி என்ரை கதை. மிஸிக்கு ஒரு ஆசைக் கிளாஸ் இருந்தது, பூப்போட்டது. அதை ஒருநாள் நான் கழுவேக்கை உடைச்சுப்போட்டன். மிஸி காண முந்திப் பொறுக்குவம் எண்டு அவதிப்பட்டதிலை, வலது மணிக்கட்டிலை சின்ன விரல் பக்கமா ஆழமா வெட்டிப்போட்டுது. அறைக்காரப் பெடியனிட்டை "மிஸிக்குச் சொல்லிப்போடாதை" எண்டிட்டு, துவாயைச் சுத்திக்கொண்டு ஓட்டோவிலை ஆஸ்பத்திரிக்குப் போனன். போன் திருத்துறவனுக்குக் கைதானே கடை.

இளம் டொக்டர் ஊசியாலை விரல் விரலாக் குத்திப் பாத்தார். சின்ன விரல் விறைப்பு. மோதிர விரலிலை ரெண்டு பக்கமும் வடிவாத் தெரிஞ்சுது.

"அப்ப சின்ன விரலுக்குப் போற கிளைதான் பட்டிருக்கு, பெரிய நரம்பு தப்பீட்டுது. அது வெட்டுப்பட்டிருந்தால் மோதிர விரலும் பாதி விறைச்சிருக்கும். தைச்சுப்போட்டு வீட்டை போகலாம்" எண்டார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் வாசலிலை மிஸி. ஒரு கையிலை கொப்பி, மற்றக் கையிலை சொதி சொட்டச் சொட்ட அகப்பை. அறைக்காரன் விசயத்தைக் கக்கிப்போட்டான்.

"டொக்டர் தம்பி, இவன்ரை மோதிர விரலை நம்பாதேங்கோ. அது புத்தகத்திலை இருக்கிற விரல் இல்லை."

"அம்மா, அப்பிடி..."

டொக்! டொக்டர் துள்ளினார்.

"எங்கை ஓடுது?"

"சின்ன விரல்... மோதிர விரலிலை பாதி..."

"அது புத்தகக் கை. இனி இதைப் பாருங்கோ" எண்டு சிவப்புக் கோட்டைக் காட்டினா.

நல்ல பிள்ளை அந்த டொக்டர். முழங்கையைத் தடவிக்கொண்டே கொப்பியை ரெண்டுதரம் வாசிச்சார். பிறகு ஒரு கடதாசித் துண்டை என்ரை சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலை வைச்சு, "இறுக்கிப் பிடியுங்கோ" எண்டார். பிடிச்சன். கடதாசி சும்மா விழுந்துது. விரலை இறுக்கிற தசைக்கும் அந்தப் பெரிய நரம்புதானாம். உடனை பெரிய டொக்டருக்குப் போன் போட்டார். அண்டைக்குப் பின்னேரமே ஒப்பரேசன். நரம்பு ரெண்டாத்தான் கிடந்ததாம்.

அதுக்குப் பிறகு அகப்பையை விட்டிட்டுத் தென்னை ஈர்க்கை எடுத்தா மிஸி. ஒவ்வொரு நாளும் காலமை என்ரை சின்ன விரல் நுனியிலை ஒரு குத்து. "தெரியுதோ?" "இல்லை மிஸி." மாசக்கணக்கா இதே கதை. நான் அழுத நாளும் உண்டு. "அழுதால் நரம்பு வளருமோ, சாப்பிடு" எண்டு இன்னொரு அகப்பை சோறு போடுவா. கிளாசைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேக்கேல்லை.

ஒருநாள் காலமை, "ஆ! குத்துது மிஸி!"

அவா என்ரை விரலை ரெண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தா. பிறகு மூக்கை உறிஞ்சிப்போட்டுக் கேட்டா: "சரி, இப்ப சொல்லு, என்ரை பூப்போட்ட கிளாஸ் எங்கை?"

இப்ப நான் பூநகரியிலை சொந்தமாக் கடை வைச்சிருக்கிறன். போனின்ரை குட்டி ஆணி ஒண்டும் கைதவறி விழுறதில்லை. எப்பவாவது கதவு நிலையிலை முழங்கை இடிபட்டுச் சின்ன விரலுக்குக் கறண்ட் ஓடும். மற்றச் சனம் எண்டால் "ஐயோ அம்மா" எண்டு கத்தும். பக்கத்திலை அம்மாவே நிண்டாலும் என்ரை வாயிலை வாறது "ஐயோ மிஸி" தான்.