நாம்பனிடம் மன்னிப்புக் கேட்ட கதை

எனக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குள் அந்தச் சொல்லை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஜெர்மன் மொழியிலும் அது வாயில் வரவில்லை. அதனால்தான் அறுபத்தாறு வயதில், மருமகளின் பழைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, ஊரே பார்த்திருக்க ஒரு நாம்பன் மாட்டின் முதுகில் ஏறினேன்.

(நாம்பன் என்றால் காளை. ஆனால் இது உயிருள்ளது இல்லை. தோல் போர்த்திய மெஷின். கொம்பு உண்டு, கால் இல்லை. சுற்றிவரக் காற்றடித்த மெத்தை. ஆனால் கண் இருக்கிறது. அந்தக் கண்தான் எனக்குப் பயம்.)

எல்லாம் கெர்டாவால் வந்தது. வுப்பர்டாலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி. வியாழக்கிழமைகளில் கௌபாய் கிளப்புக்குப் போய் அந்த மெஷினில் சவாரி செய்வாள். அவளுடைய கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பது என் வேலை. அதுவே எனக்குப் போதுமான சவாரியாக இருந்தது.

அந்தக் கோடையில் கெர்டாவின் கிழவிகள் குழுவில் ஒருத்திக்கு முழங்கால் பிரண்டுவிட்டது. மூன்று பேர் இல்லாவிட்டால் திருவிழாப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். கெர்டா என் கையைப் பிடித்தாள்.

“பரமி, இந்த வருசத்தோட சவாரியை விடச் சொல்லி டொக்டர் சொல்லிப்போட்டார். ஒரேயொரு கோப்பை எண்டாலும் வெண்டுபோட்டு இறங்க வேணும். நீ ஏறு.”

(அவள் ஜெர்மனில்தான் சொன்னாள். என் காதுக்குள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.)

“எனக்கு ஏலாது” என்று நினைத்தேன். “ஓம்” என்று வாய் சொல்லிவிட்டது.

சட்டம் சின்னதுதான். ஒரு கையால் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மற்றக் கை மேலே. எட்டு வினாடி இருக்க வேண்டும். மேலே இருக்கிற கை மாட்டில் பட்டால் புள்ளி இல்லை.

முதல் வியாழன் மூன்று தரம் விழுந்தேன். இரண்டாம் வியாழன் விழுவதற்குப் பழகினேன். நாலாம் வியாழன் எட்டு வினாடி இருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் “கெர்டாவோட கோப்பி குடிக்கப் போறன்” என்று பொய். இரவில் படுத்தால் கட்டில் ஆடுவது போல இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் நாம்பனின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சிவனைச் சுமக்கிற வாகனம். அதன் மேல் காலைப் போடுகிறேன். கேட்காமல் ஏறலாமா?

போட்டி நகரத் திருவிழாவில் நடந்தது. கெர்டா எட்டு வினாடியும் சிலைபோல இருந்தாள். இரண்டாவது கிழவியும் இருந்துவிட்டாள். நான் விழாமல் இருந்தால் கோப்பை எங்களுக்கு. மெத்தையில் தடுக்கித் தடுக்கிப் போய் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

எதிரே, கையில் பொரித்த உருளைக்கிழங்கோடு, என் மகன்.

“அம்மாவோ அது? அம்மா! உங்களுக்கென்ன விசரே? இறங்குங்கோ!”

“ஏலாது மோனை. தொடங்கீட்டுது!”

நாம்பன் முன்னுக்குக் குனிந்தது, பின்னுக்கு எழும்பியது, சுழன்றது. நான் கையை உயர்த்தினேன். கெர்டா உரக்க எண்ணினாள். மூன்று. நாலு. ஐந்தில் மெஷின் திடீரென்று திரும்ப, என் குதிக்கால் நாம்பனின் கழுத்தில் ஓங்கிப் பட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. மெத்தையில் தடுக்கித் தடுக்கி ஏறிய பதற்றத்தில் இன்றைக்குத் தொட்டுக் கும்பிடவே இல்லை. கேட்காமல் ஏறியதும் போதாதென்று உதைத்தும் விட்டேன்!

அறுபது வருடப் பழக்கம் சட்டத்தைக் கேட்குமா? மேலே இருந்த கை தானாக இறங்கியது. நாம்பனின் கழுத்தைத் தொட்டு, என் இரண்டு கண்ணிலும் ஒற்றிவிட்டு, திரும்ப மேலே போனது. ஆறு. ஏழு. எட்டு. மெஷின் நின்ற பிறகும் நான் இருந்தேன். என்னை இறக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பெரிய மீசைக்கார நடுவர் வந்தார். “ஏன் தொட்டனீங்கள்?”

“காலால அடிச்சுப்போட்டன். மன்னிப்புக் கேட்டனான்.”

“ஆரிட்ட?”

“நாம்பனிட்ட.”

அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது கோவிக்காது” என்றார் மெதுவாக. பிறகு தாளில் சைபர் போட்டார்.

கோப்பை வேறு குழுவுக்குப் போனது. கெர்டா கைப்பையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் என்னை எவ்வளவு சின்னதாக ஆக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து தரிப்பிடம் கழிந்த பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“கண்ணில ஒத்தின நேரத்திலயும் விழேல்லையே, பரமி!” என்று அவள் சிரித்தாள். பிறகு கண்ணீரைத் துடைத்தாள். “எனக்கு முடிஞ்சுது. அடுத்த வருசம் நீ ஏறவேணும். நான் கரையில நிண்டு கையைப் பார்க்கிறன்.”

அன்றைக்கும் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. (வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

இப்போது வியாழக்கிழமைகளில் கெர்டா மெத்தைக்கு வெளியே நாற்காலி போட்டிருந்து “கை! கை!” என்று கத்துகிறாள். கிளப்புப் பெண்கள் எல்லாரும் ஏறுவதற்கு முன் நாம்பனின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். விழாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு நுட்பம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை.

கோப்பை மட்டும் இன்னும் வரவில்லை. கோயிலுக்குப் போய் நந்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற நான் பயபக்தியோடு கையை நீட்டினால், பின்னால் நிற்கிற மகன் காதுக்குள் சொல்லுவான்:

“அம்மா, கை! நடுவர் சைபர் போடப்போறார்.”