எழுபது நிமிடம் சும்மா நின்றவன்

எக்ஸ்ட்ராவைப் போல எழுபது நிமிடம் சும்மா நின்றவன் ஹாக்கி விளையாட்டிலேயே கிடையாது. கோவில்பட்டியில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பியவர்களில் முதல் ஆள் நான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. எழுபது நிமிடம் முடிந்தும் கோல் சமமாக இருந்தால், அப்போதெல்லாம் எக்ஸ்ட்ரா டைம் என்று கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆடவிடுவார்கள். அதில் முதல் கோல் போடுகிற அணி அந்த நொடியே ஜெயித்துவிடும். அந்தக் கோலைப் போடுவதற்கென்றே பிறந்தவன் என்பதால் எக்ஸ்ட்ரா. பகலில் தீப்பெட்டி பண்டல்களை லாரியில் ஏற்றுவான். சாயங்காலம் எங்கள் தெரு அணிக்கு இடது பக்கம் ஆடுவான். ஆடுவான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நிற்பான்.

நின்றுகொண்டு பேசுவான். தன்னை மறிக்க வருகிற எதிரணித் தடுப்பாட்டக்காரனிடம், அதாவது பேக்கிடம், குடும்ப நலம் விசாரிப்பான். கழுகுமலை அணியோடு ஆடியபோது, எல்லைக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது இது:

“அங்கன மழை உண்டுமா அண்ணாச்சி?”

“எங்க. மேகம் வருது, போவுது.”

“கம்பு வெதச்சாச்சா?”

“ஏலே, பந்து வருதுல.”

பந்து வந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கம்புப் பேச்சுக்கு வந்துவிடுவான். அரை நொடி மட்டையில் வைத்திருக்க மாட்டான். வேப்பமரத்தடியிலிருந்து யாராவது கத்துவார்கள். “அது பந்தால, தீக்கங்கால? தொட்டதும் தட்டி விடுதியே.”

கூடுதல் நேரம் என்று நடுவர் அறிவித்ததும் மற்றவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவார்கள். எக்ஸ்ட்ரா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று நடுவரிடமே கொடுப்பான். ஷூ கயிற்றை முழுவதும் உருவி முதலிலிருந்து கோப்பான். பிறகு அந்த பேக்கிடம் போய் நிற்பான். “அண்ணாச்சி, இனிமே பேச்சு கெடையாது. கோவிச்சுக்கிடாதீக.”

அதைக் கேட்டதுமே பாதி தோற்றுவிட்டதாக எப்போதும்வென்றான் ஊர் அணியின் பேக் ஒருவர் ஆட்டம் முடிந்து டீக்கடையில் ஒப்புக்கொண்டார். அவர் ஊர்ப் பெயரை வைத்து அன்று எங்கள் ஆட்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்க்கிற ஆட்டத்தையெல்லாம் நோட்டில் எழுதிவிடுவேன். நாள், கிழமை, எதிரணி, காற்று எந்தப் பக்கம், கோல் போட்டவன் பெயர், எத்தனையாவது நிமிடம். விளாத்திகுளம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே நடந்த ஆட்டத்தையும் எழுதியிருக்கிறேன். ஆட்களின் ஞாபகத்தைவிட நோட்டை நம்புகிறவன் நான்.

சென்னையில் ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுக்க ஒரு பயிற்சியாளர் வந்தார். தேர்வாகிறவனுக்கு நிரந்தர வேலை. ஒரே ஓர் இடம். எங்கள் அணியில் இரண்டு பேரை மனதில் வைத்திருந்தார்: எக்ஸ்ட்ரா, சென்டர் ஃபார்வர்டு சீனி. முடிவெடுக்கும் முன் என் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டோடு அவரைப் பார்க்கப் போக வேண்டிய நாள் காலை எக்ஸ்ட்ரா என் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலிலிருந்து வெகுதூரத்தில் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

“அண்ணாச்சி, லோடு ஏத்தி ஏத்தி முதுகு போயிட்டு. இந்த வேலை கெடைச்சா பொழைச்சுக்கிடுவேன். ஆனா எனக்காவ கூட்டிச் சொல்லாதீக. உள்ளத மட்டும் சொல்லுங்க. நோட்டுல எல்லாம் இருக்குல்லா?”

“எல்லாம் இருக்கு” என்றேன்.

பயிற்சியாளர் கேட்டது நல்ல கேள்வி. “கூடுதல் நேரத்துல கோல் போடுறது இவரோட திறமையா, அதிர்ஷ்டமா?”

அதற்காகவே இரண்டு நாள் நோட்டுகளைப் புரட்டி வைத்திருந்தேன். கூடுதல் நேரம் வரை போன எங்கள் ஆட்டங்கள் பதினொன்று. அதில் ஏழில் கோல் எக்ஸ்ட்ராவுடையது. அதிர்ஷ்டம் ஒரே ஆளை ஏழு தடவை தேடி வராது, திறமைதான் என்று சொன்னேன்.

“சரி. மத்த நேரத்துல எத்தனை கோல்?”

“ரெண்டு.”

“அப்ப எழுபது நிமிஷமும் என்னதான் பண்றாரு?”

“ஒண்ணும் பண்ணலை சார்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “விவசாயம் பேசுவான்” என்றும் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார்.

“கூடுதல் நேரத்தையே எடுத்துடப் போறதா பேச்சு அடிபடுது. எங்களுக்கு வேண்டியது அந்த எழுபது நிமிஷம்தான்.”

சீனி சென்னைக்குப் போனான். அவர் சொன்ன மாதிரியே பின்னால் கூடுதல் நேரமும் போனது. சமமாக முடிந்தால், கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராகப் போய் அடிக்கிற ஷூட் அவுட்தான் நேராக என்றார்கள். எக்ஸ்ட்ரா மைதானத்துக்கு வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தினான். வழியில் பார்த்தால் மட்டும் எப்போதும்போல, “சாப்டீகளா அண்ணாச்சி?” என்பான்.

சில வருஷங்கள் கழித்து, பங்குனித் திருவிழாவுக்கு சீனி ஊருக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்.

“மெட்ராஸ்ல மொத வருசம் எனக்கு கோலே விழல அண்ணாச்சி. ஊர்ல அவ்வளவு போட்டியே, இங்க என்னன்னு கோச்சு கேட்டாவ. இங்கன எக்ஸ்ட்ரா இல்லலான்னேன். அவியளுக்கு வெளங்கலை.”

“எனக்கும் வெளங்கலைல.”

“எனக்கு வந்த பந்துல முக்காவாசி அவன் தட்டி விட்டதுதான். பேக்குகிட்ட பேச்சக் குடுத்து மூஞ்சியத் தன் பக்கம் திருப்பிக்கிடுவான். பந்து அந்தப் பக்கமா எனக்கு வந்துரும். நான் மட்டைய வச்சாப் போதும்.”

“அப்ப எக்ஸ்ட்ரா டைம்ல மட்டும் எப்படில அவனே அடிச்சான்?”

“அதுக்குள்ள எங்க காலு செத்துரும். தட்டி விட ஆளு கெடையாது. வேற வழியில்லாம அவனே அடிப்பான்.”

என் நோட்டில் காற்றின் திசைக்கு இடம் இருந்தது. பந்தைத் தந்தவனுக்கு இடம் இல்லை. விசில் சத்தம் கேட்டதும் குனிந்து, அடித்தவன் பெயரை எழுதியிருக்கிறேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

சீனி தரையைப் பார்த்தான். “இருந்தது ஒரே வேலைல்லா அண்ணாச்சி.”

மறுநாள் லாரி செட்டுக்குப் போனேன். எக்ஸ்ட்ரா பண்டல்களுக்கு மேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். முதுகுவலிக்காக இடுப்பில் ஒரு பெல்ட். நடந்ததைச் சொன்னேன். நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னவன் நான்தான் என்றேன்.

“தெரியும் அண்ணாச்சி. கோச்சு அன்னைக்கே சொல்லிட்டுத்தான் போனாவ.”

இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறான்.

“ஏம்ல வந்து என்னைக் கேக்கல?”

“என்னன்னு கேக்க? அடிச்சது சீனி. அது அவன் கோலுதான. அதுல எம் பேரையும் எழுதுங்கன்னு எப்படிக் கேக்க?”

“வேலைக்கு ரொம்ப ஆசப்பட்டியோ?”

கயிற்றை ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டான். அது இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

“பட்டேன்” என்றான். பிறகு, “டீ சொல்லட்டா அண்ணாச்சி?”

போன ஐப்பசியில், மழை பிடித்த வாரத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று அதே செட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்க இழுக்க, அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனோம். முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் சீனி ஒருவன்.

நான் இப்போதும் மைதானத்துக்குப் போகிறேன். கோல் விழுந்தால் எல்லோரும் அடித்தவனைப் பார்க்கிறார்கள். நான் பந்து வந்த பக்கம் திரும்பி, அங்கே நிற்பவன் யார் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.